தேனிலவுக்கு எங்கே போனீர்கள்?

எங்கள் பக்கத்துப் பெரியவர்களிடம் "உங்களுக்குக் கல்யாணம் எங்கே நடந்தது?" என்று கேட்டால், பந்தல் போட்டவர், சமையல்காரர், நாதஸ்வரம், அன்று பெய்த மழை வரை ஒன்று விடாமல் சொல்வார்கள். "தேனிலவுக்கு எங்கே போனீர்கள்?" என்று கேட்டால் முதலில் ஒரு சிரிப்பு வரும். பிறகு, "அதெல்லாம் அந்தக் காலத்துல ஏது?" என்பார்கள். பாதிப் பேர் சொல்வது உண்மை. மீதிப் பேர் வெட்கத்தில் சொல்வது.

பணி ஓய்வுக்குப் பிறகு உறவினர், பழைய அலுவலக நண்பர்கள், காலை நடையில் பழக்கமானவர்கள் என்று வாய்த்தவர்களிடமெல்லாம் இந்தக் கேள்வியைக் கேட்டு வருகிறேன். கிடைத்த பதில்களை வரிசையாக வைத்துப் பார்த்தால், ஊட்டியும் கொடைக்கானலும் அதில் பின்னால் போய்விடுகின்றன. புதிதாகக் கல்யாணமான இரண்டு பேர் தனியாக உட்கார்ந்து பேச நம் சமூகத்தில் எப்போது இடம் கிடைத்தது என்பதே முன்னால் வந்து நிற்கிறது. அதைப் பற்றித்தான் இன்று எழுதுகிறேன்.

சொல் வந்த வழி

'தேனிலவு' நம் பழைய சொல் அல்ல. 'ஹனிமூன்' என்ற ஆங்கிலச் சொல்லை இரண்டாகப் பிரித்து அப்படியே தமிழாக்கியது. ஆங்கிலத்தில் அந்தச் சொல் 16ஆம் நூற்றாண்டிலேயே புழங்கியிருக்கிறது. 1552இல் ரிச்சர்ட் ஹுலோயட் என்பவர் வெளியிட்ட அகராதியில் அதற்கு விளக்கம் இருக்கிறது. அங்கே பயணம் என்ற பேச்சே இல்லை. கல்யாணமான புதிதில் அன்பு தேனாக இனிக்கும், பிறகு நிலவைப் போல் தேயும் என்கிற கேலிதான் அதன் பொருள். பெயர் வைத்தவர்களே தேய்பிறையையும் சேர்த்துத்தான் வைத்திருக்கிறார்கள்.

ஊர் சுற்றப் போவது பிறகு வந்தது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிட்டனின் வசதியான குடும்பங்களில் கல்யாணம் முடிந்ததும் மணமக்கள் ஒரு சுற்றுப் பயணம் கிளம்புவார்கள். எதற்கென்றால், கல்யாணத்துக்கு வர முடியாத உறவினர்களைப் பார்த்துவிட்டு வருவதற்கு. சில சமயம் மணப்பெண்ணின் தோழியோ உறவுக்காரரோ கூடவே போவார். ரயில் பாதைகள் பெருகிய பிறகுதான் கடற்கரையும் மலையும் வெளிநாடும் அந்தப் பயணத்தில் சேர்ந்தன.

இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. உறவினர் வீடு வீடாகப் போய்ச் சாப்பிடுவதற்கு நாமும் ஒரு பெயர் வைத்திருக்கிறோமே! மறுவீடு, விருந்து.

பாட்டியும் அம்மாவும்

என் பாட்டிக்குப் 11 வயதில் கல்யாணம். சாரதா சட்டம் என்று சொல்லப்படும் குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் 1929இல் நிறைவேறி, 1930 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. பெண்ணுக்கு 14, ஆணுக்கு 18 என்று அது குறைந்தபட்ச வயதை வைத்தது. 1978இல்தான் அது 18, 21 என்று உயர்ந்தது. பாட்டியின் கல்யாணம் அந்த முதல் சட்டத்துக்கும் முந்தியது. தாலி கட்டிய கையோடு அவளைத் தாய்வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனார்கள். புருஷன் வீட்டுக்கு அவள் வந்தது சில வருடங்கள் கழித்து. அந்த வயதுப் பெண்ணுக்குத் தேனிலவு என்று ஒன்றை நினைத்துப் பார்க்கவே முடியாது.

அம்மாவின் காலத்தில் பெண்ணுக்கு வயது ஏறியிருந்தது. ஆனாலும் மணமக்கள் தனியாக எங்கும் போகவில்லை. மறுவீட்டுக்குப் போகும்போது இரண்டு மாட்டுவண்டி நிறைய ஆட்கள். பிறகு குலதெய்வம் கோயில், அதற்கடுத்து திருச்செந்தூர். எல்லாவற்றுக்கும் கூட்டம்தான். "அப்பாகிட்ட முதல்ல எப்பம்மா பேசினே?" என்று ஒருமுறை கேட்டேன். "உங்க அண்ணன் பொறந்த பொறவுதான் நெனைச்சதை நெனைச்சபடி பேசினேன்" என்றாள். விளையாட்டாகச் சொல்லவில்லை.

வீடுகளும் அப்படித்தான் இருந்தன. முன்னே பட்டாசாலை, நடுவே ஒரு அறை, பின்னே அடுப்படி. அந்த ஓர் அறை புதுமணத் தம்பதிக்குச் சில நாள் ஒதுக்கப்படும். பகலில் அதே அறையில்தான் நெல் மூட்டையும் பாத்திரப் பெட்டியும் இருக்கும். பகலில் புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்வதே மரியாதைக் குறைவு.

இதோடு ஆடி மாதமும் உண்டு. ஆடி பிறந்தால் புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போய்விடுவார்கள். ஆடியில் கரு உண்டானால் சித்திரை வெயிலில் பிரசவம் ஆகும் என்பது பெரியவர்கள் சொல்லும் காரணம். எங்கள் திருநெல்வேலிச் சீமைக்கு இதில் ஒரு வேடிக்கை. குற்றாலத்தில் சாரல் நன்றாக விழுவது ஆனியிலும் ஆடியிலும். பக்கத்திலேயே அத்தனை அழகான இடம் இருந்தும், அது களைகட்டும் மாதத்தில் புதுமாப்பிள்ளை ஓர் ஊரில், புதுப்பெண் ஓர் ஊரில். போனாலும் அருவியில் ஆண்களுக்கு ஒரு பக்கம், பெண்களுக்கு ஒரு பக்கம். அதனால் குற்றாலம் எங்களுக்குக் குடும்பத்தோடு போகிற இடமாகவே இருந்துவிட்டது.

மலைக்கு வழி திறந்தது

நாம் தேனிலவு என்றதும் நினைக்கும் மலை ஊர்கள் தேனிலவுக்காக உண்டானவை அல்ல. வெயில் தாங்காத வெள்ளைக்காரர்கள் கட்டிக்கொண்ட ஊர்கள். கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819இல் நீலகிரிக்கு ஏறினார். 1820களில் ஊட்டியில் கல் வீடு எழுந்தது, ஏரியும் உருவானது. கொடைக்கானலில் 1845இல் அமெரிக்க மிஷனரிகள் வீடு கட்டினார்கள். 1863இல் மதுரை கலெக்டராக இருந்த லெவிஞ்ச் ஓடையை மறித்து அங்கே ஏரியை அமைத்தார். கோடை வந்தால் சென்னை மாகாண அரசாங்கமே கோப்புகளைக் கட்டிக்கொண்டு ஊட்டிக்கு ஏறிவிடும். அந்தக் காலத்தில் நம்மவர்கள் அங்கே போனது பெரும்பாலும் குமாஸ்தாவாக, சமையல்காரராக, தோட்ட வேலைக்கு, டோலி தூக்க. ராஜாக்களும் ஜமீன்தார்களும் மட்டுமே விதிவிலக்கு.

மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ரயில் 1899இல் குன்னூர் வரை வந்தது. 1908இல் ஊட்டியைத் தொட்டது. மொத்தம் 46 கிலோமீட்டர். பல் சக்கரத்தைப் பிடித்து ஏறும் அந்த வண்டிக்கு மேலே போய்ச் சேர ஏறக்குறைய 5 மணி நேரம் ஆகும். அவசரக்காரர்களுக்கு அது தண்டனை. புதுமணத் தம்பதிக்கு ஜன்னலோரம் பக்கத்தில் பக்கத்தில் உட்கார 5 மணி நேரம். யாரும் எதுவும் சொல்ல முடியாது.

சுதந்திரத்துக்குப் பிறகு நம்மவர்கள் மலையேறத் தொடங்கியதற்குச் சில காரணங்கள் ஒன்றுசேர்ந்தன. முதலாவது, மாதச் சம்பள வேலை. நிலத்தை நம்பியவன் மூன்று நாள் வயலை விட்டு நகர முடியாது. தபால் ஆபீஸ், ரயில்வே, வங்கி, பள்ளிக்கூடம் என்று வேலைக்குப் போனவனுக்கு லீவு என்று ஒன்று இருந்தது. இரண்டாவது, முகூர்த்த மாதங்கள். சித்திரை, வைகாசியில் கல்யாணம் முடித்தால் கீழே வெயில் கொளுத்தும், மேலே சீசன். மூன்றாவது, தங்க இடம். தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம் 1971இல் தொடங்கியது. அதன் ஹோட்டல் தமிழ்நாடும், தனியார் லாட்ஜுகளும் நடுத்தரக் குடும்பத்துக்குக் கட்டுப்படியாகும் அறைகளைக் கொடுத்தன.

நான்காவது காரணம் சினிமா. 1961இல் ஸ்ரீதர் இயக்கிய 'தேன் நிலவு' வந்தது. ஜெமினி கணேசனும் வைஜயந்திமாலாவும் நடித்த படம். காஷ்மீருக்கே போய்ப் படம் பிடித்தார்கள். இரண்டாம் கல்யாணம் செய்துகொண்ட தங்கவேலு, தன் தேனிலவுக்கு வயது வந்த மகளையும் கூட்டிக்கொண்டு போவதுதான் கதையின் தொடக்கம். கொட்டகையில் எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் தேனிலவுக்குத் துணைக்கு ஆள் போவது நம் ஊரில் நிஜமாகவே நடந்துகொண்டிருந்தது.

என்னோடு வேலை பார்த்த நண்பர் ஒருவர் ஊட்டிக்குக் கிளம்பியபோது, "புதுப்பொண்ணு தனியா பயந்துக்கும்" என்று மாமியார் தன் 7 வயது மகனைக் கூடவே அனுப்பிவிட்டார். இரண்டு ராத்திரியும் பையன் குளிருகிறது என்று நடுவில் வந்து படுத்துக்கொண்டானாம். அந்தப் பையனும் இப்போது பணி ஓய்வு பெற்றுவிட்டார். இன்றைக்கும் குடும்ப விசேஷங்களில் "அத்தான், ஊட்டிக்குப் போவமா?" என்று அவர் கேட்டால் வீடே சிரிக்கும்.

மூன்று நாள் கொடைக்கானல்

எங்களுக்கு 1977 வைகாசியில் கல்யாணம். மதுரையிலிருந்து கொடைக்கானலுக்கு பஸ். வத்தலகுண்டு தாண்டி மலை ஏறியதும் காது அடைத்தது. கையில் ஒரு டிரங்க் பெட்டி, இரவல் வாங்கிய இரண்டு ஸ்வெட்டர், அலுவலக நண்பர் கொடுத்த ஆக்ஃபா க்ளிக்-3 கேமரா. ஒரு சுருளுக்கு 12 படம்தான். ஒவ்வொரு இடத்திலும் எடுக்கலாமா வேண்டாமா என்று யோசித்து யோசித்து எடுத்தேன். கழுவிப் பார்த்ததில் 5 தேறின. லாட்ஜில் வெந்நீர் வாளிக்குத் தனிக் காசு. ஏரியில் படகு, தூண் பாறை, பிரையண்ட் பூங்கா, குறிஞ்சி ஆண்டவர் கோயில் என்று பார்க்க வேண்டியதையெல்லாம் பார்த்தோம். திரும்பும்போது என் மனைவி இரண்டு கிலோ மலைப்பூண்டு வாங்கினாள், மாமியார் கேட்டிருந்ததால்.

இது என் பக்கத்து நினைவு. இந்த விசாரணையைத் தொடங்கிய பிறகு ஒருநாள் அவளிடமே கேட்டேன். ஏரியையோ தூண் பாறையையோ அவள் சொல்லவில்லை.

"காலைல ஒரு பையன் கதவைத் தட்டி காபி கொண்டாந்து வச்சான். நான் உக்காந்தபடியே குடிச்சேன். அதுக்கு முன்னாலயும் சரி, பொறவும் சரி, எனக்கு யாருங்க காபி போட்டுக் கொடுத்தா?" என்றாள்.

இன்னொன்றும் சொன்னாள். கோக்கர்ஸ் வாக் என்ற அந்த மலையோரப் பாதையில் மூடுபனி இறங்கி எதிரே ஒன்றும் தெரியாமல் போனபோது ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அப்போது அவள் என்னிடம் பி.எட். படிக்க ஆசை என்றாள். நான் "படியேன்" என்றேன். எனக்கு அது அரை நிமிடப் பேச்சு. அவள் 31 வருடம் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றாள். "வீட்டுல வச்சு உங்ககிட்ட கேட்டிருக்கவே மாட்டேன். அத்தை, மதினி, கொழுந்தன் எல்லாரும் இருக்கிற இடத்துல அந்தப் பேச்சை எடுக்கவே முடியாது. அங்கன பனி மூடிக்கிட்டதால தைரியம் வந்துச்சு" என்றாள்.

கொடைக்கானலுக்குப் போகாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்தேன். பிறகு எப்போதாவது கேட்டிருக்கலாம். கேட்காமலும் போயிருக்கலாம்.

மற்றவர்கள் சொன்னவை

அதன் பிறகு நான் பெண்களிடம் தனியாகக் கேட்கத் தொடங்கினேன். கணவர் பக்கத்தில் இருந்தால் அவரே பதில் சொல்லிவிடுகிறார். ஆண்களின் நினைவில் ரயில் நேரம், அறை வாடகை, பஸ் பழுதான இடம் எல்லாம் துல்லியமாக இருக்கின்றன. பெண்களின் நினைவில் இருப்பது வேறு. "மூணு நாள் சமையக்கட்டுப் பக்கம் போகல." "தலைக்குக் குளிச்சிட்டு முடிய விரிச்சுப் போட்டு நடந்தேன், யாரும் ஒண்ணும் சொல்லல." "அவங்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பாத்தேன், ஒரே ஒரு தடவ." மைசூர் பிருந்தாவன் தோட்டத்துக்குப் போன ஓர் அம்மாவுக்கு அங்கே பார்த்த நீரூற்று எதுவும் ஞாபகம் இல்லை. ஓட்டலில் "என்ன சாப்பிடுறே?" என்று கணவர் கேட்டதுதான் ஞாபகம் இருக்கிறது. அதுவரை அந்தக் கேள்வியை அவரிடம் யாரும் கேட்டதில்லையாம்.

எல்லாம் இனிப்பான நினைவுகள் அல்ல. எனக்குச் சித்தி முறையாகும் ஒருவர் 1968இல் ஊட்டிக்குப் போனவர். இரண்டாம் நாள் காலையில் வெந்நீர் வரத் தாமதமானது. அவர் கணவர் கொண்டுவந்த பையன் மேல் டம்ளரை வீசியெறிந்தார். "அந்த மூணு நாள்லயே முப்பது வருஷமும் தெரிஞ்சுபோச்சு" என்றார் சித்தி. வீட்டில் இருந்தால் மாமனார், மாமியார் முன் அந்தக் கோபம் சில மாதம் அடங்கியிருந்திருக்கும். தனிமை அவருக்குக் கணவரைச் சீக்கிரம் காட்டிக்கொடுத்துவிட்டது. 1552இல் அந்தச் சொல்லுக்குள் வைத்த தேய்பிறை, சித்திக்கு மூன்றே நாளில் வந்துவிட்டது.

போகவே முடியாதவர்களும் உண்டு. ரயில்வேயில் இருந்த ஒரு நண்பருக்கு இந்தியா முழுக்கப் போக இலவச பாஸ் இருந்தது. ஆனால் கல்யாணத்துக்குக் காத்திருந்த தங்கைகள் நாலு பேர். அறுபதாம் கல்யாணம் முடிந்த பிறகு மனைவியைக் கன்னியாகுமரிக்குக் கூட்டிப் போனார். சூரியன் மறைவதைப் பார்த்தபடி இருவரும் உட்கார்ந்திருந்தார்களாம். "ஏதாவது பேசேன்" என்றாராம் இவர். "பேச வேண்டியதெல்லாம் அடுப்படி ஜன்னல் வழியா எப்பவோ பேசி முடிச்சாச்சு" என்றாராம் அந்த அம்மா. அவர் இதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஊர்கள் மாறின

80களில் சம்பளமும் விடுமுறைப் பயணச் சலுகையும் கூடியபோது சிலர் டெல்லி, ஆக்ரா, காஷ்மீர் வரை போனார்கள். 1989, 90இல் காஷ்மீரில் நிலைமை மோசமானதும் அந்த வழி அடைத்தது. 1992இல் வந்த மணிரத்னத்தின் 'ரோஜா'வில் புதுமணத் தம்பதி காஷ்மீருக்குப் போகிறார்கள். ஆனால் அந்தக் காட்சிகளைக் காஷ்மீரில் எடுக்க முடியாமல் மணாலியிலும் நம் நீலகிரிப் பக்கத்திலும் எடுத்தார்கள். 1961இல் தேனிலவுப் படத்துக்காகக் காஷ்மீருக்கே போன தமிழ் சினிமாவுக்கு, 31 வருடம் கழித்து ஊட்டியும் குன்னூரும் கைகொடுத்தன.

இன்று பிள்ளைகள் மாலத்தீவு, பாலி, தாய்லாந்து என்று போகிறார்கள். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வண்டிக் கூட்டம் தாங்காமல், உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் வாங்கிக்கொண்டுதான் மலையேற வேண்டியிருக்கிறது. அன்று ஆள் அரவம் இல்லாத இடம் என்று தேடிப் போன ஊர்களின் நிலைமை இது.

இதைச் சொல்லி இந்தக் காலத்தைக் குறை சொல்ல எனக்கு விருப்பமில்லை. நிச்சயதார்த்தத்துக்கும் கல்யாணத்துக்கும் நடுவில் இன்றைய பிள்ளைகள் மாதக்கணக்கில் போனில் பேசிவிடுகிறார்கள். மேலே படிப்பதா, வேலையை விடுவதா, தனிக்குடித்தனமா என்பதெல்லாம் தாலி ஏறுவதற்கு முன்பே பேசி முடிவாகிறது. எங்கள் காலத்தில் மூன்று நாள் மலைப் பயணம் செய்த வேலையை இன்று போன் செய்துவிடுகிறது. அவர்களுக்குத் தேனிலவு என்பது கல்யாண அலைச்சலுக்குப் பிறகு ஓய்வு. எங்களுக்கு அதுதான் முதல் அறிமுகம்.

கோயில் கட்டியவர் பெயர் கல்வெட்டில் இருக்கிறது. அணை கட்டிய கணக்கு அரசாங்கக் கோப்பில் இருக்கிறது. எங்கள் தலைமுறைப் பெண்கள் வாழ்க்கையில் முதல் முறையாகத் தங்கள் மனதில் இருந்ததை வாய்விட்டுச் சொன்ன இடத்துக்கும் நாளுக்கும் எந்தப் பதிவும் கிடையாது. லாட்ஜ் பதிவேட்டில் எழுதியது கணவன் பெயரும் ஊரும், அதன் பக்கத்தில் 'அண்ட் ஃபேமிலி' என்றும்தான். அந்தப் பதிவேடும் எடைக்குப் போயிருக்கும்.

உங்கள் வீட்டில் அம்மாவோ பாட்டியோ அத்தையோ இருந்தால் ஒருநாள் சாவகாசமாகக் கேட்டுப் பாருங்கள். எந்த ஊருக்குப் போனீர்கள் என்பதோடு நிறுத்தாமல், அங்கே என்ன பேசினீர்கள் என்று கேளுங்கள். முதலில் சிரிப்பார்கள். கொஞ்சம் பொறுத்திருங்கள். கேட்கும்போது ஒரு காபி போட்டுக் கொடுத்துவிட்டுக் கேட்டால் இன்னும் நல்லது.